ஒன்பதாவது தடம்

மூன்று நிரல்கள்.
இலவசம், நடுத்தரம், முழுமை.
இருப்பவற்றுக்குப் பச்சையில் சரிக்குறி,
இல்லாதவற்றுக்குச் சின்னக் கோடு.
மருந்துக்கடைக் கணக்கை முடித்து வந்து
மூன்று இரவாக இந்த அட்டவணையைத்தான் படிக்கிறேன்.
வாடகை ஒப்பந்தத்தைக்கூட இப்படிப் படித்ததில்லை.

இலவசத்தில் எட்டுத் தடங்கள்.
செய்ததை மாற்றிக்கொள்ளப் பத்து முறை.
பதினோராவது பிழை உன்னுடையது,
வைத்துக்கொள்.
நடுத்தரத்தில் பதினாறு, மாதம் பத்தொன்பது மார்க்.
ஆண்டுக்கு ஒரேயடியாகக் கட்டினால் பதினான்கு.
ஒரேயடியாகக் கட்ட முடிந்தவர்களுக்குத்தான்
எல்லாமே மலிவு,
துஸ்லாவிலும்.
முழுமையின் விலையைச் சொல்லமாட்டேன்.
ஜனவரி முழுக்க இந்த அறைக் குழாய்களில் ஓடும் சூடு
அந்தத் தொகைக்குள் அடங்கிவிடும்.

எங்கள் பாட்டுக்கு ஒன்பது வேண்டும்.
ஹாஜ்ருதினின் அக்கார்டியனுக்கு இரண்டு,
இடக்கைக்கும் வலக்கைக்கும்.
செனாதின் கிடார். பாஸ். ஒரு தெஃப்.
மிரேலாவின் வயலின் இருமுறை.
நெதிமின் குரல்.
என் குரல்.

ஏதாவது இரண்டை ஒன்றாக்கிவிடு யஸென்கா,
என்றான் செனாத்,
ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

அக்கார்டியனைச் சேர்க்கலாம்தான்.
ஆனால் அந்த மனிதனின் இடக்கை
எப்போதும் அரை நொடி முந்தும்;
தனியே இருந்தால்தான் இழுத்துப் பிடிக்கலாம்.
மிரேலாவிடம் கேட்கவே வேண்டாம்.
மீந்தது நாங்கள்.

இருவரும் பிரிந்து இரண்டு குளிர்காலம்.
செவ்வாயன்று ஏழு மாடி ஏறி வந்து
அவன் பாடிவிட்டுப் போனான்.
வெள்ளியன்று நான் பாடினேன்.
அதே மைக், ஜன்னலை மறைத்த அதே இரண்டு போர்வை,
வெளியே அனல்மின் நிலையத்தின் அதே புகை.
மைக்கின் பஞ்சுறையில் மட்டும்
மூன்று நாள் பழைய சிகரெட் வாசம்.

சேர்த்துவிட்டால்
அவனை மட்டும் தணிக்க முடியாது.
என்னை மட்டும் உயர்த்த முடியாது.
உறுதியா என்று மென்பொருள் ஒருமுறை கேட்டது.
நகராட்சி மண்டபத்தில்
பூச்செண்டோடு நின்றபோது கேட்ட கேள்விதான்,
எழுத்து மட்டும் சிறிது.

ஆம் என்று அழுத்தினேன்.
பிறகு ஓர் இருமலை வெட்டினேன்.
ஒரு மூச்சை வெட்டினேன், வெறுமையாக இருந்தது,
திரும்ப ஒட்டினேன்.
ஒலியை ஏற்றி இறக்கி, இறக்கி ஏற்றி
எண்ணவில்லை.
பின்னோக்கிப் போகும் அம்புக்குறி
சாம்பல் நிறமாகிவிட்டது.

அதன்பின்தான் கண்ணில் பட்டது
முழுமை நிரலின் கடைசி வரிசையில் ஒரு சரிக்குறி:
கலந்த குரல்களைப் பிரித்தல்.
பதினான்கு நாள் சோதனை, பணம் வேண்டாம்,
அட்டை எண் மட்டும் போதும்.

நாற்பது நொடியில் பிரித்துக் கொடுத்தது.
இரண்டு தடங்கள், இரண்டு நிறங்கள்.
அவனைத் தனியே ஓடவிட்டேன்.
சொல் முடியும் இடமெல்லாம்
என் மூச்சின் நுனி ஒட்டிக்கொண்டிருந்தது.
என்னுடையதைக் கேட்டேன்.
நெட்டுயிர்கள் நீளும்போது
அடியில் எங்கோ, உப்பு ஏரிக்குள் தலை முழுகியவன்போல,
அவனும் நீண்டான்.
இயந்திரத்துக்குக்கூட எது யாருடையதென்று
சில இடங்களில் தெரியவில்லை.

ஐந்து முறை கேட்டேன்.
ஆறாவது முறை தெஃப்பை மட்டும் கேட்டேன்.

குழுவுக்கு அனுப்பியது சேர்ந்ததைத்தான்.
செனாத் கட்டைவிரல் உயர்த்தினான்.
வயலின் கொஞ்சம் சன்னமாக இருக்கிறது,
என்று எழுதினாள் மிரேலா.
நெதிம் கேட்டுவிட்டான் என்று இரண்டு நீலக் குறிகள் சொல்லின.
வேறெதுவும் சொல்லவில்லை.

சோதனை தீர இன்னும் மூன்று நாள்.
இன்றிரவே ரத்துசெய்துவிட வேண்டும்,
மறந்தால் பிப்ரவரிச் சம்பளத்தில் கைவைப்பார்கள்.
காரணம் கேட்கிறது ஒரு பெட்டி:
விலை அதிகம், பயன்படுத்தவில்லை,
எதிர்பார்த்தபடி இல்லை,
மற்றவை.